அத்தியாயம் 4: மேல்வீட்டுக்கு ஒரு வைஃபை, பேஸ்மென்ட்டுக்கு ஒரு வைஃபை

விட்பியில் வீடு வாங்கி, பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்களுக்கான அத்தியாயம் இது. ஏஜாக்ஸ், பிக்கரிங், ஸ்காபரோ வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். வாடகை பேசும்போது "ஹைட்ரோ, தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் அடக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கீழே வருபவருக்குத் தனி வாசலும் தனித் திறப்பும் கொடுக்கிறோம். உள்படிக்கட்டின் கதவைப் பூட்டி வைக்கிறோம். வைஃபை என்று வரும்போது மட்டும், வீட்டார் பாவிக்கும் அதே கடவுச்சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டிவிடுகிறோம். படிக்கட்டுக் கதவைப் பூட்டியதன் பயனில் பாதி அந்தக் கடதாசியோடு போய்விடுகிறது.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: கூடிய வேகம் வாங்கக் காசு செலவழிக்கும் முன், இருக்கிற இணைப்பை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றாகவே இருக்கலாம். மாதக் கட்டணமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வைஃபைக்கு இரண்டு பெயர், இரண்டு கடவுச்சொல், நடுவே ஒரு சுவர் வேண்டும். பல வீடுகளில் இதற்குச் செலவே இல்லை. ஒரு பின்னேரம் போதும்.

ஏன் பிரிக்க வேண்டும்?

ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் பொதுவாக ஒன்றையொன்று பார்க்கக்கூடியவை. உங்கள் ஃபோன் பிரின்டரைத் தானாகக் கண்டுபிடிப்பதும், யூடியூப் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப முடிவதும் இதனால்தான். அதே வசதி கீழ்வீட்டு ஃபோனுக்கும் கிடைக்கிறது. கீழே இருப்பவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ய வேண்டியதில்லை. பாட்டுக் கேட்கத் தன் ஸ்பீக்கரைத் தேடுவார். பட்டியலில் உங்கள் வரவேற்பறைத் தொலைக்காட்சியும் வரும். இரவு பதினொரு மணிக்கு விரல் தவறி அதில் பட்டால், மேலே அம்மம்மா திடுக்கிட்டு எழும்புவார். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தொல்லை. கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறை, வாசல் கமராவின் உள்நுழைவுப் பக்கம், ரவுட்டரையே ஆளும் நிர்வாகப் பக்கம் ஆகியவையும் அதே வலையில் எட்டும் தூரத்தில் இருப்பது சிரிக்கும் விடயமல்ல.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் யோசிப்பதில்லை. வீடு முழுக்க ஒரே கடவுச்சொல் என்றால், அது ஒருநாளும் மாறாது. ஒரு சாதாரண வீட்டில் இன்று எத்தனை கருவிகள் வைஃபையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: ஆளுக்கொரு ஃபோன், பிள்ளைகளின் மடிக்கணினிகள், தொலைக்காட்சிகள், பிரின்டர், வாசல் மணி, தெர்மோஸ்டாட், கராஜ் கதவு. கடவுச்சொல்லை மாற்றினால் ஒவ்வொன்றிலும் புதிதாகப் பதிய வேண்டும். அந்த அலுப்பை நினைத்தே யாரும் கைவைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் காலி செய்து போனவரின் ஃபோனில் உங்கள் வைஃபை இன்னும் பதிந்திருக்கிறது. அவர் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினால் ஃபோன் தானாகச் சேர்ந்துகொள்ளும். பிரித்து வைத்த வீட்டில் கீழ்வீட்டுக் கடவுச்சொல்லை மட்டும் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். மேலே ஒரு கருவியும் அசையாது. பிரிப்பதன் முதல் இலாபம் இந்த வசதிதான். பாதுகாப்பு அதன் பின்னாலேயே வருகிறது.

மூன்றாவது, இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் அறிவித்தல் முறை கனடாவில் 2015 ஜனவரி 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. யாராவது ஒரு படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கினால், உரிமையாளர் அனுப்பும் அறிவித்தலை இணையக் கம்பனி கணக்கு வைத்திருப்பவருக்கு அனுப்பியாக வேண்டும். யார் இறக்கினார் என்று கம்பனிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது உங்கள் கணக்கு மட்டுமே. ஒரு முக்கியமான குறிப்பு: வைஃபையைப் பிரித்தாலும் வெளியுலகுக்கு வீடு ஒரே முகவரியாகவே தெரியும். எனவே அறிவித்தல் அப்போதும் உங்களுக்கே வரும். பிரிப்பது இந்தச் சிக்கலை நீக்காது. இதற்கான வழி 'சட்டமும் நியாயமும்' பகுதியில் இருக்கிறது.

வழக்கமான மறுப்புகளும் பதில்களும்

"எங்களிடம் திருட என்ன இருக்கிறது?" என்பது முதல் மறுப்பு. திருடுபவருக்கு உங்கள் கோப்புகள் தேவைப்படாமலே இருக்கலாம். அவருக்குத் தேவை உங்கள் கருவி. 2016இல் பரவிய 'மிராய்' என்ற தீநிரல் வீட்டுக் கமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது ஆலையில் போட்ட பழைய பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகள் அறுபது சொச்சம் மட்டுமே. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அந்த வருடம் அக்டோபர் 21ஆம் திகதி, தளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணிநேரம் பலருக்குக் கிடைக்காமல் போயின. 2018 மே மாதத்தில் 'விபிஎன்ஃபில்டர்' என்ற இன்னொரு தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் இருப்பது தெரியவந்தது. வீட்டு ரவுட்டர்களை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டது. கமராவின் சொந்தக்காரர் பணக்காரரா என்று இந்த நிரல்கள் பார்ப்பதில்லை.

"கீழே இருப்பவர் நல்ல பிள்ளை, எங்கட ஊர்தான்" என்பது இரண்டாவது. இருக்கட்டும். அவருடைய குணத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அவருடைய பழைய மடிக்கணினியில் என்ன தீநிரல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வார இறுதியில் வந்து தங்கும் நண்பரின் ஃபோனைப் பற்றி அவரும் உத்தரவாதம் தர முடியாது. சுவர் அவரையும் காக்கிறது: உங்கள் பிள்ளை இறக்கிய இலவச விளையாட்டில் ஏதாவது ஒட்டி வந்தால் அது அவருடைய கணினிக்குப் போகாது. நூலகங்கள் பொதுமக்களின் வைஃபையை ஊழியர் வலையிலிருந்து பிரித்து வைப்பது வழக்கம். டண்டாஸ் வீதியில் உள்ள விட்பி மத்திய நூலகத்துக்குப் போய் வாசிப்பவர் எவரும் பொது வைஃபையை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

"அவரே தனி இணைப்பு எடுக்கட்டுமே" என்ற மூன்றாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. முடிந்தால் அதுவே சுத்தமான வழி. கணக்கும் பொறுப்பும் அவர் பெயரில் போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள்: இணைப்பை மறுவிற்பனை செய்வதையோ வேறு குடியிருப்போடு பகிர்வதையோ தடுக்கும் விதி அதில் இருக்கலாம். இருந்தால் தனி இணைப்பைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் ஆறு மாதம் மட்டும் தங்க வரும் மாணவருக்கு மாதக் கட்டணமும் பொருத்தும் செலவும் பாரம். "இன்டர்நெட் அடக்கம்" என்று சொல்லி வாடகைக்கு விட்டபின் இடைநடுவில் மறுப்பதும் சரியல்ல. அப்படிப்பட்ட வீடுகளுக்கே கீழே வரும் படிகள்.

"இரண்டாகப் பிரித்தால் வேகம் பாதியாகும்" என்பது கடைசி மறுப்பு. ஆகாது. வைஃபைக்கு இரண்டு பெயர் வைப்பது குழாயைப் பாதியாக அடைப்பதல்ல. யார் திறக்கிறாரோ அவருக்குத் தண்ணீர் போகும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் போதும். 500 மெகாபிட் இணைப்பில் மேலும் கீழுமாக ஆறு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 90 மெகாபிட்தான். படம் சுற்றிக்கொண்டே நின்றால், இணையக் கம்பனி தந்த ரவுட்டர்ப் பெட்டி வைத்த இடத்தையும் தகட்டுக் குழாய்கள் ஓடும் பேஸ்மென்ட் கூரையையும் முதலில் சந்தேகியுங்கள். உலோகத் தகடு வைஃபையை நன்றாகவே மறிக்கும்.

தொடங்கும் முன்

முதலில் பாதுகாப்பு. பெட்டியை நிறுத்தினால் அல்லது மீட்டமைத்தால், அதன் வழியாக வரும் வீட்டுத் தொலைபேசியும் நின்றுவிடும். அந்த நேரத்தில் அதிலிருந்து 911 அழைக்க முடியாது. 2022 ஜூலை 8ஆம் திகதி ரொஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுக்க விழுந்தபோது 911 அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. அப்படியொரு நிலையை நாமே பதினைந்து நிமிடத்துக்கு வீட்டுக்குள் உண்டாக்குகிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேலையைத் தொடங்கும் முன் அப்பப்பா, அம்மம்மாவிடம் சொல்லுங்கள். சார்ஜ் உள்ள ஒரு கைபேசியை அவர்கள் பக்கத்தில் வையுங்கள். விழுந்தால் அழைக்கும் மருத்துவ எச்சரிக்கைக் கருவி வீட்டில் இருந்தால், அது எந்த வழியில் இயங்குகிறது என்று முதலில் பாருங்கள். கீழே இருப்பவரிடமும் நேரம் கேளுங்கள். அவர் வீட்டிலிருந்து வேலை செய்பவராக இருக்கலாம்.

கைக்கு வேண்டியவை: பெட்டியின் அடியிலோ பின்னாலோ ஒட்டிய ஸ்டிக்கரின் படம், ஒரு மடிக்கணினி, ஒரு குறிப்புப் புத்தகம். வீட்டுக்கு வருவது கண்ணாடி இழைக் கம்பி என்றால் அதன் முனையைக் கழற்றாதீர்கள், மடிக்காதீர்கள், முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

முறை 1: பெட்டியிலேயே விருந்தினர் வலை

1. நிர்வாகப் பக்கத்தைத் திறவுங்கள். கம்பனியின் செயலி இருந்தால் அது இலகு. இல்லாவிட்டால் வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரின் முகவரிப் பட்டியில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அடியுங்கள். பெல் பெட்டிகளில் வழக்கமாக அது 192.168.2.1; ரொஜர்ஸ் பெட்டிகளில் 10.0.0.1. கடையில் வாங்கிய ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. கூகுள் தேடலில் அடிக்காதீர்கள். போலி உதவி எண்களோடு விளம்பரங்கள் வரக்கூடும்.

2. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபை கடவுச்சொல் அல்ல. பெட்டியையே ஆளும் திறப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் பேர் விடும் பிழை. வைஃபை கடவுச்சொல்லை எவ்வளவு கவனமாக மாற்றினாலும், நிர்வாகப் பக்கத்தில் ஆலைக் கடவுச்சொல் அப்படியே இருந்தால் வலைக்குள் வந்த எவரும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

3. பூட்டின் வகையைப் பாருங்கள். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும். பழைய கருவிகள் இருந்தால் இரண்டும் கலந்த தெரிவை எடுக்கலாம். 'வெப்' என்று மூன்றெழுத்தில் இருந்தால் அது 2004லேயே கைவிடப்பட்ட பூட்டு, உடனே மாற்றுங்கள்.

4. டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். கடவுச்சொல் அடிக்காமல் எட்டு இலக்க எண்ணால் சேரும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள் என்று தோன்றும். ஆனால் பெட்டி அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் ஏறக்குறைய 11,000 முயற்சிகளே போதும் என்று 2011 டிசம்பரில் வெளிப்படுத்தப்பட்டது.

5. விருந்தினர் வலையைப் போடுங்கள். 'கெஸ்ட் நெட்வொர்க்' அல்லது 'கெஸ்ட் வைஃபை' என்ற தலைப்பில் இருக்கும். அதற்குக் கீழ்வீடு என்று புரியும்படியான, ஆனால் வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ இல்லாத ஒரு பெயர் வையுங்கள். பெயர் தெருவில் போகிறவருக்கும் தெரியும்.

6. உள்வலைக்குப் போக அனுமதிக்கும் தெரிவை எடுக்காதீர்கள். விருந்தினர் உங்கள் கருவிகளைப் பார்க்கலாமா என்று சில ரவுட்டர்களில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் சரி போட்டால் சுவரில் நீங்களே ஓட்டை போட்டதாகிவிடும். விருந்தினர் கருவிகள் தங்களுக்குள் பார்ப்பதைத் தடுக்கும் தெரிவு தனியாக இருந்தால் அதைப் போடுங்கள்.

7. புதிய கடவுச்சொல் வையுங்கள், இரண்டுக்கும் வெவ்வேறாக. டபிள்யூபிஏ2 கடவுச்சொல்லில் 8 முதல் 63 எழுத்துகள் இருக்கலாம். சிக்கலான எட்டு எழுத்தைவிட, தொடர்பில்லாத நாலு சொற்கள் நீளமும் கூட, ஞாபகம் வைக்கவும் சுலபம்: முருங்கை, ஏணி, பனி, கடுகு என்ற மாதிரி. ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள் என்பதால், நீங்கள் அடித்த எழுத்துக்கூட்டலைப் புத்தகத்தில் அப்படியே குறித்து வையுங்கள்.

8. சோதியுங்கள். உங்கள் ஃபோனைக் கீழ்வீட்டு வைஃபையில் சேர்த்து, ஒரு படத்தை அச்சிடப் பாருங்கள். பிரின்டர் பட்டியலில் வந்தால் சுவர் எழும்பவில்லை; 6ஆம் படிக்குத் திரும்புங்கள். தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பவும் முயன்று பாருங்கள். இரண்டும் தெரியாமல், இணையம் மட்டும் ஒழுங்காக வந்தால் வேலை முடிந்தது. வைஃபை நேரடி இணைப்பு என்று பிரின்டர் தானே ஒலிபரப்பும் வசதி இந்தச் சோதனையைக் குழப்பும். சோதிக்கும்போது அதை அணைத்து வையுங்கள்.

உதவிக் குறிப்பு: கடவுச்சொல்லைக் கீழே இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதைவிட, உங்கள் ஃபோனின் வைஃபை பகிர்வுத் திரையில் வரும் கியூஆர் சதுரத்தை அச்சிட்டு அவருடைய குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அவருடைய விருந்தாளியும் அதையே பாவிப்பார். மேல்வீட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள்.

முறை 2: விருந்தினர் வலை இல்லாத பெட்டியில்

கம்பனி தரும் எல்லாப் பெட்டிகளிலும் விருந்தினர் வலை இருப்பதில்லை. இல்லாவிட்டால் சாதாரண ரவுட்டர் ஒன்று வாங்க வேண்டும். இந்த முறைக்குப் போக இன்னொரு காரணமும் உண்டு. பல வீடுகளில் தெருவிலிருந்து கம்பி உள்ளே வருவது பேஸ்மென்ட்டில். பெட்டி நிற்பதும் அங்கேதான், ஃபர்னஸ் அறையிலோ குடியிருப்பவரின் கட்டிலுக்குப் பக்கச் சுவரிலோ. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். அதை அமத்திப் பிடித்தால் நீங்கள் வைத்த கடவுச்சொல் எல்லாம் அழிந்து, ஸ்டிக்கரில் அச்சிட்ட கடவுச்சொல் திரும்பி வரும். அந்த ஸ்டிக்கரும் அங்கேயே ஒட்டியிருக்கிறது. கைக்கு எட்டும் பெட்டியை எந்தக் கடவுச்சொல்லாலும் முழுதாகப் பூட்ட முடியாது என்பதால், மேல்வீட்டுக்கு மேலேயே ஒரு ரவுட்டர் இருப்பது நல்லது.

1. கம்பனிப் பெட்டியை அது இருக்கிற இடத்திலேயே, வைஃபையோடு விடுங்கள். அது இனிமேல் கீழ்வீட்டுக்கு.
2. அதன் பின்னால் உள்ள ஒரு சாதாரணத் துளையிலிருந்து நெட்வொர்க் கம்பி ஒன்றை மேலே கொண்டுவாருங்கள். கம்பியைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள். சுவர் துளைக்க வேண்டுமென்றால் மின்கம்பி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.
3. அந்தக் கம்பியைப் புதிய ரவுட்டரில் 'இன்டர்நெட்' அல்லது 'வான்' என்று எழுதிய, நிறம் வேறான துளையில் செருகுங்கள்.
4. புதிய ரவுட்டரில் முறை 1இன் 2, 3, 4, 7ஆம் படிகளைச் செய்யுங்கள். வீட்டார் கருவிகள் எல்லாவற்றையும் இதற்கு மாற்றுங்கள்.
5. இரண்டு பெட்டிகளின் உள்முகவரிகளும் ஒன்றாக இருந்தால் இணையம் வராமல் அடம்பிடிக்கும். புதியதை 192.168.50.1 என்பது போல வேறு தொடருக்கு மாற்றுங்கள்.
6. கீழ்வீட்டு வைஃபையில் நின்று முறை 1இன் 8ஆம் படியின் சோதனையைச் செய்யுங்கள்.

இந்த முறையில் திசை மிக முக்கியம். புதிய ரவுட்டர் வாங்கியவர்களுக்கு இயல்பாகத் தோன்றுவது, பழைய பெட்டியில் வீட்டாரை விட்டுவிட்டுப் புதியதைக் கீழ்வீட்டுக்குக் கொடுப்பது. அது தலைகீழ். இரண்டாவது ரவுட்டர் தனக்கு வெளியே உள்ளவை தானாக உள்ளே வருவதை மறிக்கும். ஆனால் தனக்கு உள்ளே உள்ளவை வெளியே போவதை மறிக்காது. இணையத்துக்குப் போக அந்த வழிதானே வேண்டும்? புதிய ரவுட்டருக்குள் குடியிருப்பவரை வைத்தால், அவருடைய கருவிகள் வெளியே போகும் வழியில் உங்கள் பிரின்டரும் கமராவும் கைக்கெட்டும் இடத்தில் நிற்கும். நீங்களோ அவருடைய பக்கத்தைப் பார்க்க முடியாது. காசு கொடுத்துச் சுவர் கட்டி, அதைத் தவறான பக்கம் திருப்பி வைத்த கதை. எப்போதும் வீட்டார் உள்ளே, மற்றவர் வெளியே.

இதற்கு ஒரு குறை உண்டு. இரண்டு ரவுட்டரைக் கடந்து போவதால் பிள்ளைகளின் சில விளையாட்டுக் கருவிகள் நண்பர்களோடு இணைய மறுக்கலாம். இணையத்தில் தேடினால் "கம்பனிப் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள்" என்ற ஆலோசனை வரும். இந்த வீட்டுக்கு அது பொருந்தாது. மாற்றினால் அந்தப் பெட்டியின் வைஃபை அணைந்து கீழ்வீடு இருளில் நிற்கும்.

எது எந்தப் பக்கம்?

வீட்டார் ஃபோன், கணினி, பிரின்டர் மேல்வலையில். குடியிருப்பவரும் எல்லா விருந்தாளிகளும் கீழ்வலையில். மாமா, சித்தி வந்தாலும் அப்படித்தான். குழப்பம் கமராவிலும் தொலைக்காட்சியிலும் வரும். இப்படிப்பட்ட பொருட்களை வீட்டுக் கணினிகளிடமிருந்து பிரித்து விருந்தினர் வலையில் விடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. குடியிருப்பவர் இல்லாத வீட்டுக்கு அது சரி. இங்கே அப்படிச் செய்தால் உங்கள் வாசல் கமராவும் கீழ்வீட்டாரும் ஒரே வலையில் இருப்பார்கள். எனவே மூன்றாவது வலை போடும் வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் பொருட்களை அதில் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வலையிலேயே வைத்து, கமராவின் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றி, அதன் கணக்குக்கு இரண்டு கட்ட உள்நுழைவைப் போடுங்கள். ஃபோனிலிருந்து படம் அனுப்ப விரும்பினால் தொலைக்காட்சியும் மேல்வலையில்தான் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

- கம்பியைத் தவறான துளையில் செருகுவது. முறை 2இல் 'வான்' துளைக்குப் பதிலாகச் சாதாரணத் துளையில் செருகினால் சில வேளை இணையம் வரும், சுவர் வராது. வேலை முடிந்தது என்று நம்பி இருப்பீர்கள்.
- பிள்ளை வாய்தவறிச் சொல்வது. கீழே வேகம் குறைகிறது என்று கேட்டால் பிள்ளை மேல்வீட்டுக் கடவுச்சொல்லைச் சொல்லிவிடும். காரணத்தைப் பிள்ளைக்கும் விளக்குங்கள்.
- ரவுட்டரை வாங்கி மறந்துவிடுவது. கம்பனிப் பெட்டிக்குப் புதுப்பிப்பு பெரும்பாலும் தானாக வரும். கடையில் வாங்கியதில் தானியங்கிப் புதுப்பிப்பை நீங்களே போட வேண்டும். உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திய ரவுட்டர், உடையாவிட்டாலும் பழுதானதுதான்.
- "கம்பனியிலிருந்து பேசுகிறோம்" என்ற அழைப்பை நம்புவது. உங்கள் ரவுட்டரில் வைரஸ் என்று சொல்லிக் கடவுச்சொல் கேட்டால் ஃபோனை வையுங்கள். மாதப் பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். ஏமாந்துவிட்டால் கனடிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 1-888-495-8501.

உதவிக் குறிப்பு: மோசடித் தளங்களை வீட்டு வாசலிலேயே மறிக்க, கனடாவின் இணையப் பெயர்ப் பதிவகமான சிரா 2020இல் தொடங்கிய 'கனேடியன் ஷீல்ட்' இலவச சேவை உதவும். ரவுட்டரின் டிஎன்எஸ் பகுதியில் 149.112.121.20, 149.112.122.20 என்ற இரு எண்களையும் போடுங்கள். சில கம்பனிப் பெட்டிகளில் இதை மாற்ற முடியாது. அப்போது ஃபோனில் அவர்களின் செயலியை இறக்கலாம்.

சட்டமும் நியாயமும்

இணையம் வாடகைக்குள் அடக்கம் என்றால் எழுதுங்கள். 2018 ஏப்ரல் 30க்குப் பின் ஒன்ராறியோவில் கைச்சாத்தாகும் பெரும்பாலான வாடகைகளுக்கு அரசின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயம். வாடகையில் எந்தச் சேவைகள் அடங்கும் என்று குறிக்கும் பகுதி அதில் உண்டு. இணையத்தை அங்கே சேர்த்து, சட்டவிரோதமாகப் படம் இறக்கக் கூடாது என்ற நிபந்தனையை இணைப்பாக வையுங்கள்.

பதிப்புரிமை அறிவித்தல் வந்தால் பதற வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். 2018 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டபின், அறிவித்தலில் "இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம்" என்று பணம் கேட்பதற்கு இடமில்லை. கேட்டால் இணைப்பைச் சொடுக்காதீர்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது என்பதாலும் அறிவித்தல் வந்தது என்பதாலும் மட்டுமே நீங்கள் பொறுப்பாளி ஆகிவிட மாட்டீர்கள் என்பதே 2023இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்த நிலை. ஆனாலும் திகதியோடு சேமித்து, கீழே இருப்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி. நீதிமன்ற ஆவணம் வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. பெட்டி உங்களுடையது என்பதால் கீழே இருப்பவர் எந்தத் தளம் பார்க்கிறார் என்று பட்டியல் எடுக்கத் தோன்றலாம். சில செயலிகள் அதைக் காட்டவும் செய்யும். எடுக்காதீர்கள். ஒருவரின் தனிப்பட்ட தகவல்தொடர்பை இடைமறிப்பது கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றம். சுவர் இரண்டு பக்கத்துக்கும் சுவராக இருந்தால்தான் அவர் அதை நம்பிப் பாவிப்பார்.

ஆள் மாறும் நாளில்

1. திறப்பை வாங்கிய அன்றே கீழ்வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.
2. நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் நீங்கள் வைத்ததுதானா என்று உள்நுழைந்து பாருங்கள். ஸ்டிக்கர் கடவுச்சொல் வேலை செய்தால், இடையில் யாரோ பெட்டியை மீட்டமைத்திருக்கிறார்கள். எல்லாப் படியும் திரும்ப.
3. இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து, மேல்வலையில் அடையாளம் தெரியாதது எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. பிரின்டர் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.
5. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய பழைய கியூஆர் தாளைக் கிழித்து, புதியதை ஒட்டுங்கள்.

பத்து நிமிட வேலை. மேலே ஒருவரும் எதையும் திரும்பப் பதிய வேண்டியதில்லை. கடவுச்சொல் மாறியதே அவர்களுக்குத் தெரியாது.